முதல் மான் சீசன், .308 ரைஃபிள்: எந்த ஸ்கோப்? ரீலோடிங் கிட் இப்போதே தேவையா?

கொங்குமலை | பிட்ஸ்பர்க்

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து லைசென்ஸும் எடுத்தாயிற்று. தேங்க்ஸ்கிவிங் கழிந்த சனிக்கிழமை மான் சீசன் தொடங்குகிறது. ரைஃபிள் வாங்கிவிட்டேன்: டிக்கா டி3எக்ஸ் லைட், .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. அதன்மேல் பூட்டும் குறித்தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், இன்னும் வாங்கவில்லை.

மீதி ஆயிரம் டாலர் இருக்கிறது. கடைக்காரர் 5-25x56 ஸ்கோப் (5 முதல் 25 மடங்கு பெருக்கம், 56 மி.மீ. முன் லென்ஸ்) ஒன்றைக் காட்டி, நாளைக்கு லாங் ரேஞ்ச் சுடப் போனாலும் இதுவே போதும் என்கிறார். ஆபீஸ் நண்பரோ, ஸ்கோப்புக்கு முந்நூறு போதும், மிச்சத்துக்கு ரீலோடிங் கிட் வாங்கு, நீயே தோட்டா செய்தால் பாதி விலைதான், குறியும் நன்றாக விழும் என்கிறார். நான் உட்காரப் போவது காட்டுக்குள், மரத்தில் கட்டிய பரணில். மிஞ்சிப் போனால் 150 யார்டு. கண்ணாடி போடுகிறவன். யார் சொல்வதைக் கேட்பது?

மெஸ்கீட்நிழல் | சான் ஆண்டோனியோ

தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் ஸ்கோப்பைப் பார்ப்போம்.

உங்கள் மாநிலத்தில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை மான் சுடலாம். மான் நடமாடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு ஓரத்தில்தான். அதனால் நண்பகலில் கடை வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் போர்டைப் படித்துப் பார்த்து ஸ்கோப் வாங்குவது வீண் வேலை. அந்த வெளிச்சத்தில் நூறு டாலர் ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் தெரியும்.

ஸ்கோப்பைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கண் பக்கத்து லென்ஸில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதற்குப் பெயர் எக்சிட் பியூப்பில். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு வந்துவிடும். 3-9x40 ஸ்கோப்பை 9-இல் வைத்தால் 4.4 மி.மீ., 4-இல் வைத்தால் 10 மி.மீ. நம் கண்மணி இருட்டில், இளவயதில் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 வந்தாலே பெரிது. ஸ்கோப் தரும் வட்டம் கண்மணியைவிடச் சிறியதாகிவிட்டால் படம் மங்கும். கடைக்காரர் காட்டியதை 25-இல் வைத்தால் 2.2 மி.மீ.தான். அந்தி நேரத்தில் அது எதற்கும் ஆகாது.

அதையே 8-க்குக் குறைத்தால் 7 மி.மீ. கிடைக்குமே என்று யாராவது கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் அதற்காக இரண்டு பவுண்டு கண்ணாடியை ஆறரை பவுண்டு ரைஃபிளின் தலைமேல் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டுமா? நல்ல 3-9x40 ஒன்று 12 முதல் 15 அவுன்ஸுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, பார்வை அகலம். 3x-இல் 100 யார்டு தூரத்தில் முப்பது அடிக்கு மேல் தெரியும். 5x-இல் இருபது சொச்சம்தான். காட்டுக்குள் மான் நின்று போஸ் கொடுக்காது. இரண்டு மரத்துக்கு நடுவே நாலு நொடி தெரியும். அந்த நேரத்தில் அதைக் கண்ணுக்குள் பிடிப்பதுதான் பாடு. கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவது அப்புறம்.

லூபோல்டு விஎக்ஸ்-ஃப்ரீடம், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டு, வோர்டெக்ஸ் டயமண்ட்பேக். இந்த வரிசையில் ஏதாவது ஒரு 3-9x40 போதும். நடுவில் மெல்லிய கோடு, ஓரத்தில் தடித்த கோடு இருக்கும் சாதாரண ட்யூப்ளெக்ஸ் ரெடிக்கிளே (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) எடுங்கள். லூபோல்டு 1962-இல் கொண்டுவந்த அமைப்பு, அறுபது வருடம் கழித்தும் காட்டுக்கு இதைவிட நல்லது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மங்கலான வெளிச்சத்தில் நடுக்கோடு மறைந்தாலும் தடித்த கோடுகள் கண்ணை நடுவுக்கு இழுத்துவிடும். கை தாராளமாக இருந்தால் ஸ்வரோவ்ஸ்கி இசட்3, மெயோப்டா. அந்தக் கண்ணாடியில் சில நிமிட வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். முதல் சீசனுக்கு அது கட்டாயமில்லை.

உயரமலை | கொலராடோ

அண்ணா சொன்னது பென்சில்வேனியா காட்டுக்கு முழுக்கச் சரி. ஆனால் பெரிய ஸ்கோப் என்றாலே தேவையில்லை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே எல்க் எனும் பெரிய மான் திறந்த சரிவில் நிற்கும், 300, 400 யார்டு சகஜம். 6.5 கிரீட்மோர் தோட்டாவில் 143 கிரெயின் (எடை அளவு) குண்டை 200 யார்டில் ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால், 300-இல் எட்டு அங்குலம், 400-இல் இருபது அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். பக்கக் காற்று மணிக்கு 10 மைல் அடித்தால் 300 யார்டில் இன்னும் ஐந்தாறு அங்குலம் தள்ளும். இங்கே குத்துமதிப்பாக மேலே பிடித்துச் சுடுவது மிருகத்துக்குச் செய்யும் துரோகம். ஸ்கோப்பின் திருகுக் குமிழான டர்ரெட்டைத் திருகி அளவு வைத்துச் சுட வேண்டும். திருகிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பினால் பழைய இடத்துக்கே வருகிற ஸ்கோப் வேண்டும். அதற்குத்தான் காசு. பெருக்கத்துக்கு இல்லை.

எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள், எது வேண்டுமானாலும் எடுங்கள். டர்ரெட்டின் கால் எம்ஓஏ க்ளிக் 100 யார்டில் குறியை ஏறத்தாழ கால் அங்குலம் நகர்த்தும். 0.1 மில் க்ளிக் 0.36 அங்குலம். ரெடிக்கிள் ஒன்றிலும் டர்ரெட் இன்னொன்றிலும் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட வேண்டிவரும்.

ஃபர்ஸ்ட் ஃபோகல் ப்ளேன் ஸ்கோப்பில் பெருக்கத்தோடு ரெடிக்கிளும் பெரிதாகும், அதனால் கோடுகள் இலக்கின்மேல் காட்டும் அளவு எந்தப் பெருக்கத்திலும் மாறாது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். கொங்குமலைக்கு அது வேண்டாம். 3x-இல் அந்தக் கோடு சிலந்தி நூல் மாதிரி ஆகிவிடும், மரக்கிளை நடுவே காணாமல் போகும்.

ரீலோடிங் விஷயத்தில் மட்டும் உங்கள் நண்பர் பக்கம் நிற்கிறேன். சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது.

கொங்குமலை | பிட்ஸ்பர்க்

இரண்டு பேருக்கும் நன்றி. 3-9x40 என்று முடிவாகிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுவதில் ஏதாவது சிக்கல் உண்டா? யூடியூபில் ஒருவர் புருவத்தில் ரத்தத்தோடு நின்றார், அதைப் பார்த்ததில் இருந்து கொஞ்சம் பயம்.

பனங்காய் | ஒன்ராறியோ

தம்பி, அந்த ரத்தம் ஸ்கோப்பின் பிழையில்லை, பூட்டிய விதத்தின் பிழை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம்தான் ஐ ரிலீஃப். மூன்றரை அங்குலத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். கண்ணாடிக்கும் அது போதும். உங்களுடையது பாரம் குறைந்த துவக்கு, .308 அதில் வைத்தால் தோளில் நன்றாகவே இடிக்கும்.

பூட்டும்போது நீங்கள் வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கன பேர் கோடைகாலத்தில் டீஷேர்ட்டுடன் பூட்டிவிட்டுக் குளிர்காலத்தில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். படம் முழு வட்டமாக, கறுப்பு ஓரம் இல்லாமல் தெரிந்தால் இடம் சரி. பெருக்கத்தை உச்சத்தில் வைத்து இதைச் செய்யுங்கள், அங்கேதான் கண் வைக்கும் இடம் இறுக்கமாக இருக்கும். படுத்தும் பாருங்கள், படுத்தால் தலை முன்னால் போகும்.

அடுத்தது ஸ்கோப்பைத் துவக்கோடு பிடித்து நிறுத்தும் வளையம். ஸ்கோப்பில் ஐந்நூறு போட்டுவிட்டு இருபது டாலர் வளையத்தில் பூட்டுகிறவர்களை என்ன சொல்வது! துவக்குக் குறி மாறுகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் முறுக்கிக் குழாயை நெரித்திருப்பார்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ட்ரைவர் ஒன்று வாங்குங்கள். வளையத்தின் மேல் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, உங்கள் வளையத்தின் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், நாலு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

கண்பக்கத்து ஃபோகஸ் வளையத்தையும் மறந்துவிடாதீர்கள். வெறும் வானத்தைப் பார்த்து, ஒன்றிரண்டு நொடிக்குள் ரெடிக்கிள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சமாளித்து உங்களை ஏமாற்றிவிடும்.

காண்டர்நிழல் | ஃப்ரெஸ்னோ

ரீலோடிங் பேச்சு வருவதற்குள் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. சட்டம் 2013-இல் வந்தது, படிப்படியாக அமலானது. காரணம் காண்டர் கழுகு. 1987-இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் காப்பகத்தில் வைத்தபோது உலகத்திலேயே மொத்தம் 27தான் இருந்தன. இனம் பெருக்கித் திரும்ப விட்டால், வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலைத் தின்று அதிலிருக்கும் ஈயத் துகளால் சாகின்றன.

பென்சில்வேனியாவில் ஈயத்துக்குத் தடையில்லை, தெரியும். ஆனால் தம்பி வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். வேகமான ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும், காயத்தைவிட்டு வெகுதூரம் போகும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்காகத் தானம் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருந்ததால் மாநில அரசே அதைத் தூக்கி எறியச் சொன்னது. நாங்கள் வீட்டில் செம்புக் குண்டு மட்டும்தான். மான் விழுவதில் எந்தக் குறையும் பார்க்கவில்லை. தோள் பக்கம் பட்டாலும் கறி பாழாவது குறைவு.

ரீலோடிங் செய்பவர்களுக்கு: செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், தோட்டாவின் கூடான கேஸுக்குள் அதிக இடத்தை அடைக்கும். 150 கிரெயின் ஈயக் குண்டுக்கான பவுடர் அளவை 150 கிரெயின் செம்புக் குண்டுக்கு அப்படியே போடக் கூடாது. அந்தக் குண்டைச் செய்கிற கம்பெனியின் அட்டவணையையே பார்க்க வேண்டும்.

மெஸ்கீட்நிழல் | சான் ஆண்டோனியோ

அக்கா சொன்னது நல்ல தகவல். இனி ரீலோடிங். உயரமலை, கோபப்படாதீர்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கடையில் .308 சாதாரண மான் தோட்டா இருபது கொண்ட பெட்டி முப்பது டாலர் சுற்றி. அதாவது ஒன்று ஒன்றரை டாலர். வீட்டில் செய்தால்? ஒரு பவுண்டு பவுடர் 7000 கிரெயின், .308-க்கு ஏறத்தாழ 150 தோட்டா வரும். பவுண்டு 50 டாலர் என்றால் தோட்டாவுக்கு 33 சென்ட். பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர் ஒரு எட்டு, பத்து சென்ட். 2020 தட்டுப்பாட்டுக்கு முன் அதில் பாதிகூட இல்லை. குண்டு நாற்பது சென்ட். கேஸ் பழையது, இலவசம். ஆக 80, 85 சென்ட். மிச்சம் 65 சென்ட் என்று வையுங்கள்.

தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் ப்ரெஸ், அதில் பொருத்தும் டை, தராசு, காலிப்பர், கேஸ் வெட்டும் கருவி, புத்தகம் எல்லாம் சேர்ந்து 450 டாலர் ஆகும். அந்தக் காசு திரும்பி வர ஏறத்தாழ 700 தோட்டா சுட வேண்டும். மான் வேட்டைக்காரர் ஒருவர் பயிற்சியோடு சேர்த்து வருடத்துக்கு அறுபது சுட்டால் பன்னிரண்டு வருடம். உட்கார்ந்து செய்யும் நேரத்துக்குக் கூலி போடவே இல்லை. பாதி விலை என்கிறவர்கள் ப்ரெஸ்ஸின் விலையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

உயரமலை | கொலராடோ

காசு மிச்சம் என்று நான் எங்கே சொன்னேன்? மிச்சமாகாது. மிச்சமாகும் காசில் இன்னும் அதிகமாகச் சுடுவோம், அவ்வளவுதான். நான் சொல்வது தரம். பவுடரைப் படிப்படியாகக் கூட்டி, அளவுக்கு மூன்று மூன்று சுட்டு, என் பேரலுக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, கடைத் தோட்டாவில் குண்டுகளை ஒன்றேகால் அங்குல அகலத்துக்குள் போட்ட துப்பாக்கி அரை அங்குலத்துக்குள் போடுகிறது.

வட்டம் | நியூ ஜெர்சி

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனேன், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேட்டைக்குப் போவதில்லை, ரேஞ்சில் சுடுவதோடு சரி. புள்ளியியல் படித்தவன்.

மூன்று குண்டு வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. மூன்று குண்டுக் கூட்டம் (குண்டுகள் விழுந்த இடத்தின் அகலம்) சராசரியாக 1 அங்குலம் வந்தால், பத்து குண்டுக் கூட்டம் சராசரியாக 1.6 அங்குலம் வரும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கை கூடக்கூட ஓரத்தில் விழும் குண்டும் கணக்கில் வருகிறது. அதோடு மூன்று குண்டுக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று தாறுமாறாக மாறும். சராசரி 1 அங்குலம் இருக்கும் துப்பாக்கியில் அடுத்தடுத்து 0.6-உம் 1.4-உம் வருவது சாதாரணம்.

இப்போது உயரமலை எட்டு வெவ்வேறு பவுடர் அளவுக்கு மூன்று மூன்று சுடுகிறார். எட்டும் உண்மையில் ஒரே மாதிரிதான் என்று வைத்துக்கொண்டாலும், எட்டில் ஒன்று அரை அங்குலமாகவும் ஒன்று ஒன்றரையாகவும் விழும். அரை அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு "இதுதான் என் லோட்" என்று நோட்டில் எழுதிவைப்பார். அது லாட்டரி ரிசல்ட். அந்த லோடை இருபது குண்டு ஒரே காகிதத்தில் சுட்டுக் காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கொங்குமலைக்கு இதில் வேண்டியது இவ்வளவுதான்: மானின் நெஞ்சுப் பகுதி எட்டு அங்குல வட்டம். 150 யார்டில் இரண்டு எம்ஓஏ துப்பாக்கி போடும் கூட்டமே மூன்று சொச்சம் அங்குலம். துப்பாக்கியின் மிச்சத் துல்லியத்தால் மானுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பரணில் கை நடுங்கினால்தான் வித்தியாசம்.

உயரமலை | கொலராடோ

இருபது குண்டு சுட்டுப் படம் போடுகிறேன், பொறுங்கள்.

சரி, செலவும் குண்டுக் கூட்டக் கணக்கும் ஒருபுறம் இருக்கட்டும். ஆரம்பிக்கப் போகிறவர்கள் இதை மட்டும் படித்துவிடுங்கள். கைப்புத்தகம் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். லைமன், ஹார்னடி, எதுவானாலும் சரி, ஒன்று அச்சில் வேண்டும். இந்த மாதிரி இடத்தில் யாரோ எழுதும் பவுடர் அளவை நம்பாதீர்கள், நான் எழுதினாலும். புத்தகத்தில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள், உச்ச அளவிலிருந்து கீழே வராதீர்கள். ப்ரைமர், கேஸ், குண்டு என எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்துதான்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர் டப்பாதான். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் ஊற்றி மூடிவிட வேண்டும். பிஸ்டலுக்கான, வேகமாக எரியும் பவுடர் ரைஃபிள் கேஸில் போனால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும், கேஸில் பாதிகூட நிரம்பாததால் இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் வெளியே தெரியாது. குண்டு பொருத்துவதற்கு முன் எல்லாக் கேஸையும் தட்டில் அடுக்கி, டார்ச் அடித்து உள்ளே ஒவ்வொன்றாகப் பாருங்கள். ப்ரைமர் தட்டையாவது, தோட்டாவை உள்ளே அடைத்துப் பூட்டும் போல்ட்டைத் தூக்கும்போது கெட்டியாவது எல்லாம் அழுத்தம் கூடியதற்கு அறிகுறி. அறிகுறி இல்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேலை நடக்கும்போது போன், டிவி, பீர் மூன்றும் வேண்டாம்.

செந்தாழம் | டாலஸ்

இடையில் ஒரு சந்தேகம். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். துப்பாக்கியைத் தொடலாமா?

மெஸ்கீட்நிழல் | சான் ஆண்டோனியோ

நல்ல வேளை, முன்பே கேட்டீர்கள். எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதில் விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அது காலாவதியானால் விதிவிலக்கும் போச்சு. இதில் தவறினால் அது குற்ற வழக்கு, விசாவுக்கும் வினை. லைசென்ஸ் எடுப்பதற்கு முன் ரேஞ்சுக்குக்கூடப் போகாதீர்கள். குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

கொங்குமலை | பிட்ஸ்பர்க்

ஸ்கோப் வாங்கியாயிற்று, 3-9x40, வளையத்தோடு 380 ஆனது. டார்க் ட்ரைவரும் வந்துவிட்டது. ரீலோடிங் இப்போதைக்கு இல்லை. அக்கா சொன்னதால் செம்புத் தோட்டாவே ஒரே பேட்ச் நம்பரில் ஐந்து பெட்டி எடுத்துவிட்டேன். ஜீரோ எப்படிச் செய்வது? மிச்சக் காசில் வேறு ஏதாவது வாங்க வேண்டியது இருக்கிறதா?

மெஸ்கீட்நிழல் | சான் ஆண்டோனியோ

பைனாகுலர். 8x42, கட்டாயம். ஸ்கோப்பால் காட்டைத் துழாவக் கூடாது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால், நீங்கள் அவரைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மாநிலத்தில் தலை, நெஞ்சு, முதுகில் 250 சதுர அங்குலம் ஆரஞ்சு கட்டாயம், ஆனால் எல்லாக் கோணத்திலும் அது தெரியும் என்று சொல்ல முடியாது.

ஜீரோவுக்கு: முதலில் தோட்டா எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு போல்ட்டை எடுத்துவிடுங்கள். துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் வைத்து, பேரல் வழியாக 25 யார்டு இலக்கைப் பாருங்கள். இலக்கு நடுவில் தெரியும்போது ஸ்கோப்பின் கோட்டையும் அங்கே கொண்டுவாருங்கள். அப்புறம் 25-இலேயே ஒன்றிரண்டு சுட்டுத் திருத்துங்கள். இங்கே ஒரு க்ளிக் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நகர்த்தும். இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் 32 க்ளிக். நடுவில் பட்டதும் 100 யார்டுக்குப் போங்கள், இரண்டு மூன்று அங்குலம் மேலே விழும். அதை ஒன்றரை அங்குலம் மேலே என்று நிறுத்திவிட்டால் 200 யார்டுவரை எதையும் யோசிக்காமல் நெஞ்சைப் பார்த்துச் சுடலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு குண்டை நம்பாமல் நாலைந்தின் நடுவைப் பாருங்கள். வட்டம் சொன்னதற்காகவாவது!

கடைசியில் பேரல் முழுக்க ஆறியதும் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். மானுக்குப் போகப் போவது அந்த முதல் குண்டுதான்.

பனங்காய் | ஒன்ராறியோ

குளிரில் இருந்து சூடான வீட்டுக்குள் துவக்கைக் கொண்டுவரும்போது பெட்டியை உடனே திறக்காதீர்கள். லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், பேரலுக்குள்ளும் ஈரம் பிடிக்கும். மூடிய பெட்டியிலேயே ஓரிரண்டு மணித்தியாலம் கிடந்து அறைச் சூட்டுக்கு வரட்டும். பரணில் இருக்கும்போது ஸ்கோப்பின் பக்கம் மூச்சு விட வேண்டாம்.

உயரமலை | கொலராடோ

கொங்குமலை, சுட்ட கேஸ் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். பெட்டியிலேயே திருப்பிப் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ப்ரெஸ் வாங்கினால் உதவும், வாங்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.

வட்டம், படம் நாளைக்கு. காற்று நிற்கட்டும்.

வட்டம் | நியூ ஜெர்சி

இருபது. பத்தொன்பது இல்லை.